நாற்பதாவது ஓணான்

இதனால் சகல தேசத்தாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கென்யாவின் ம்வாம்பா தேசியப் பூங்காவில், ஒரு திங்கட்கிழமை முற்பகலில், கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள், இருபத்துமூன்றாக இருந்த பல்லி, ஓணான் இனங்கள் நாற்பதாகப் பெருகின. முட்டை ஏதும் பொரிந்ததாகத் தகவல் இல்லை.

இருபத்துமூன்று என்று எண்ணியவள் வகேஷோ, தற்காலிகக் காவலர். இரண்டு வருடம் வெயிலில் அலைந்து எண்ணினாள். பூங்காவுக்குப் புதிய நுழைவாயில் கட்டப் பாறைக்குன்றிலிருந்து கல் எடுக்கத் தொடங்கியபின், பாறை இடுக்கில் வாழும் ஓணான்கள் பாதியாகிவிட்டன. ஒளிய இடமில்லாதவற்றை வல்லூறு தூக்கிக்கொண்டு போனது. கல் எடுப்பதை நிறுத்தும்படி அறிக்கையில் எழுதியிருந்தாள்.

தலைமைக் காவலர் முவாகியோ அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டார். பக்கத்துப் பூங்கா முப்பத்தெட்டு என்று அறிவித்திருந்தது. அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"தலை செவப்பு, ஒடம்பு நீலம். இது ஒரு இனம். மொத்தமும் பழுப்பு. இது இன்னொண்ணு. ஏம்மா ஒண்ணா எழுதியிருக்க?"

"ஐயா, அது புருஷன். இது பொண்டாட்டி."

"நானும் என் பொண்டாட்டியும் ஒரே மாதிரியா இருக்கோம்?"

"ராத்திரியானா அந்தச் செவப்புத் தலையே மங்கிப்போயிடும், ஐயா."

"அப்ப மூணு! குட்டி?"

"அது வேற நெறமா..."

"நாலு. பாத்தியா, நீயே சொல்லிட்ட."

இப்படியே மற்ற இனங்களுக்கும் குடும்பம் பிரிக்கப்பட்டது. நாற்பது வந்ததும் முவாகியோ பேனாவை நீட்டினார். கூடவே வகேஷோவின் பணிநிரந்தர உத்தரவையும் மேசையில் வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அறிக்கை தலைநகரம் போனது. பாராட்டு வந்தது.

வியாழக்கிழமை குன்றடியில் மூன்று லாரிகள் நின்றன. வகேஷோ குறுக்கே போய் நின்றாள்.

"நகரு தங்கச்சி," என்றார் ஓட்டுநர் முவாடிமே. "கல்லு எடுக்க எடுக்க ஓணான் பெருகுதாம். இன்னும் எடுக்கலாம்னு மேலிடத்து உத்தரவு."

"எந்த மடையன் சொன்னான்?"

"மடையன் இல்ல, நீதான். அடியில உன் கையெழுத்து இருக்கே."

வகேஷோ குன்றைத் திரும்பிப் பார்த்தாள். குன்றின் ஒரு பக்கம் வெட்டிய ரொட்டிபோல் வெளுத்துக் கிடந்தது.

"இருபத்துமூணுதான்னு மறுபடி எழுதி அனுப்பறேன்."

"எழுது. அதுவும் பெரியவர் கைவழியாத்தான் போகணும்."

"தெரியும். ஆனாலும் கேட்டுக்குங்கண்ணே. பெரிய மனுஷன் சந்தோஷத்துக்காகப் பொய்க்கணக்கு எழுதினா, அழியறதைத் தடுக்க யாருமே வரமாட்டாங்க. அழியலன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டோமே."

முவாடிமே ரொம்ப நியாயம் என்று தலையாட்டினார்.

அன்று மாலைக்குள் பதினோரு லோடு கல் போயிற்று.