மேடைக்கு உதிர்ந்த மிளகாய்ப் பூக்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், சித்தாவயல் பொங்கல் விழாவில் வரவேற்புரை முடிவதற்குள், கூட்டம் கூடிய பொட்டலை ஒட்டியிருந்த அக்கம்மாளின் தோட்டத்தில் மிளகாய்ப் பூக்கள் அத்தனையும் உதிர்ந்துவிட்டன. காற்றில்லை, மழையில்லை, ஆடுமாடு எதுவும் உள்ளே இறங்கவில்லை. மேடையில் சொல்லப்பட்ட ஒவ்வொரு ‘அவர்களே’வுக்கும் ஒரு பாத்தி என்ற விகிதத்தில், எழுந்து நின்ற ஜனங்கள் உட்காருவது மாதிரி, வெள்ளைப் பூக்கள் காம்போடு கழன்று வரிசையாகத் தரையில் உட்கார்ந்தன. வரப்பில் நின்று பார்த்த அக்கம்மாள் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். அடுத்து உரக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள். மேடையில் பேசிக்கொண்டிருந்த தன் கொழுந்தனைச் சந்தேகப்பட அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

கொழுந்தனின் பெயர் தங்கச்சாமி. ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் நாலைந்து மாநாடு கேட்டுவிட்டு வந்தபின் அவர் தன்னைப் பொன்னிறைவன் என்று மாற்றிக்கொண்டார். முன்னால் ‘சொற்கடல்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டவர்களுக்கு, மக்கள் கொடுத்தார்கள் என்று பதில் சொன்னார். மக்கள் மறுக்கவில்லை. மறுப்பதற்கு மைக் அவர்கள் கையில் இல்லை.

சொற்கடல் சொல்லவந்த சேதி எப்போதும் சின்னதுதான். கரும்பு இனிக்கும் என்பார், உழவன் உயர்ந்தவன் என்பார், சோடாவைக் குடித்துக் குடித்து அதையே திருப்பிச் சொல்வார். ஆனால் அந்தச் சேதிக்குப் போய்ச் சேரும் பாதைதான் நீளம். சித்தாவயல் அம்மன் கோயிலில் வெற்றிலையும் சந்தனமும் எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்து என்று ஒரு வரிசை உண்டு. ஒரு தடவை ஒரு வீட்டை மறந்துபோனதில் அந்த வருஷம் தேர் நிலையைவிட்டு நகரவே இல்லை. ஊருக்கு மைக் வந்ததும் அந்த வரிசை கோயிலைவிட்டு இறங்கி மேடையில் ஏறிக்கொண்டது. யார் பேசினாலும், எதைப் பேசினாலும், மரியாதைக்குரிய வீடுகளை எல்லாம் வரிசை தப்பாமல் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லலாம். விளித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்.

அறுபத்தேழில் தேர்தல் வந்தது. எல்லாக் கட்சியும் அந்தப் பொட்டலில்தான் பேசின. கட்சிக்குக் கட்சி கொடி மாறியது, துண்டு மாறியது, ‘அவர்களே’ மாறவில்லை. பூத்த பூவெல்லாம் உடனுக்குடன் கீழே போயின. களையெடுக்க வந்த சோணையம்மாள்தான் விஷயத்தைப் பிடித்தவள். அவள் ஒரு செடிக்கு முன்னால் குனிந்து, “அவர்களே” என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மண்வெட்டிக் காம்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு, முந்தானையைத் தோளில் துண்டாகப் போட்டு, தொண்டையைச் செருமி, “அ...வர்...களே!” என்று இழுத்தாள். செடி மொட்டையாயிற்று.

“அடி பாவி, ஒரு செடியைக் கொன்னுட்டியேடி” என்று அக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணைத்தான் கொன்னேன். ஒங்க கொழுந்தனாரு தோட்டத்தையே தாலியறுத்துட்டாரே, அவரை என்ன செய்யப்போறீக?”

அவரை ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அக்கம்மாளின் கஷ்டம். அந்தத் தோட்டம் அவள் புருஷன் சேவுகனுக்கும் தங்கச்சாமிக்கும் பாகம் பிரியாத சொத்து. சேவுகன் காய்ச்சலில் போனபின் அதில் பாடுபட்டவள் அவள் மட்டும்தான். அவளுக்குக் கஞ்சி ஊற்றியதும் அந்த மண்தான். ஆனால் தங்கச்சாமிக்கு அந்த இடத்தில் தன் பெயரில் ஒரு கலையரங்கம் கட்டவேண்டும் என்று ஆசை. நிரந்தர மேடை, இரும்புத் தகட்டுக் கூரை, முகப்பில் சிமென்டு எழுத்து. வாக்குக் கொடுத்தால் பின்வாங்காதவர் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு அவர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார்: அண்ணியார் அவர்கள் நல்ல மிளகாய் வத்தலாக ஒரு வெள்ளாமை எடுத்து விற்றுக் காட்டிவிட்டால் தோட்டம் முழுக்க அவருக்கே சொந்தம், இப்படியே பொய்த்துக்கொண்டு போனால் அங்கே கலையரங்கம். ஊர் கைதட்டியது. வீட்டில் ‘மதினி’ என்று கூப்பிடுகிறவர் மைக்கைப் பிடித்தால் ‘அண்ணியார் அவர்களே’ என்பார். அந்த ஒன்றுக்கே கிணற்றடிப் பாத்தி காலியாயிற்று.

அவள் போய்ச் சொல்லாமல் இல்லை. “கொழுந்தனாரே, நீங்க பேசுனா பூ கொட்டுது” என்று நேராகவே சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. “பூமாரின்னு சொல்லுங்க மதினி” என்றார். அடுத்த கூட்டத்தில், தன் பேச்சைக் கேட்டு இயற்கையே மலர் தூவுகிறது என்று அதையும் சேர்த்துப் பேசினார். மைக் செட் அழகப்பனிடம் போய் ஒலிபெருக்கிக் குழாயைத் தோட்டத்துக்கு முதுகு காட்டிக் கட்டச் சொன்னாள். கல்தச்சு வேலையை விட்டுவிட்டு மைக் செட் தொழிலுக்கு வந்த மனுஷன் அவர். சொன்னபடி திருப்பிக் கட்டினார். குழாய் பார்த்த பக்கம் இருந்த கண்மாய்க் கரையில் சத்தம் மோதித் திரும்பி வந்ததில், பூக்கள் அந்த வருஷம் இரண்டிரண்டு தடவை உதிர்ந்தன. ஏற்கெனவே உதிர்ந்தவை தரையில் கிடந்தபடியே இன்னொரு தடவை துள்ளி விழுந்ததைச் சோணையம்மாள் பார்த்திருக்கிறாள்.

மனுக்கு மேல் மனு போட்டதில் ஒரு விவசாய அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷன், படித்தவர். வெயில் கூடினால் பூ உதிரும், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் உதிரும், யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தங்கும் பூ தங்காது, இலைப்பேன் விழுந்தாலும் உதிரும் என்று வரப்பில் நின்று அவர் சொன்னது எல்லாமே சரி. அக்கம்மாள் அத்தனையையும் கேட்டு, அதன்படியே செய்து, மருந்தும் தெளித்து, செடி முழுக்கப் பூவாக நிறைந்து நின்ற நாளில், அதிகாரியைப் பாராட்டித் தங்கச்சாமி தோட்டத்துக்குள்ளேயே ஒரு விழா எடுத்தார். அதிகாரிக்கும் நன்றியுரை சொல்ல வாய்ப்பளிக்கப்பட்டது. அவர் ஊர் வழக்கத்தை விசாரித்துக்கொண்டு, ஒரு வீட்டையும் விடாமல் விளித்தார். பேச்சு முடியும்போது அவருடைய பூட்ஸ் தெரியவில்லை, பூ மூடியிருந்தது. “வெயில் கூடிருச்சு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எழுபத்தொன்றில் தங்கச்சாமி பொறுமையிழந்து அடிக்கல் நாட்ட நாள் குறித்தார். தோட்டத்து மூலையில் பந்தல் போட்டார்கள். இடம் தந்த பெருந்தகை என்று அக்கம்மாளுக்கும் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை, பேச ஒரு வாய்ப்பு. அவள் வீட்டிலிருந்தே ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்: ‘நீங்க வாயை மூடுனா என் செடி காய்க்கும்.’ அத்தனை வருஷத்து எரிச்சலையும் வடிகட்டி அதில் வைத்திருந்தாள். மைக் முன்னால் போய் நின்றாள். கீழே வரிசையாக வீட்டுக்கு வீடு முகங்கள். யாரையாவது விட்டுவிட்டுப் பேசினால் நாளைக்கு எந்த முகத்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போவது என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. பெரிய வீட்டுக்காரர் அவர்களே என்று தொடங்கி, நாட்டாமை அவர்களே, கணக்கப்பிள்ளை அவர்களே, மைக் செட் அழகப்பன் அவர்களே என்று ஒருவரையும் விடாமல், கடைசியில் செத்துப்போன என் வீட்டுக்காரர் சேவுகன் அவர்களே என்றும் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்த முடியவில்லை. கடைசிப் பாத்தியும் அவள் வாயாலேயே போயிற்று. தயார் செய்துவைத்திருந்த வாக்கியம் மறந்துபோய், “நன்றி, வணக்கம்” என்று சொல்லி இறங்கினாள். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் சொற்கடலுக்கே கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து பொன்னாடையைச் சுருட்டி அடுப்பங்கரையில் எறிந்தாள்.

கலையரங்கம் உடனே எழும்பியிருக்கும். ஆனால் அடிக்கல்லில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பது முடிவாகவில்லை. மேடையில் என்றால் சொன்னது காற்றோடு போகும். கல்லில் வெட்டினால் நின்றுவிடுமே என்று ஒவ்வொரு வீடும் பயந்தது. கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் யார் பெயர் முதலில் என்று தீர்க்க இன்னொரு கமிட்டி. கல் மட்டும் வழவழவென்று ஒரு எழுத்தும் இல்லாமல் தோட்டத்து மூலையில் கிடந்தது. அக்கம்மாள் அதைச் சுற்றி மிளகாய் நட்டாள், பூ வந்தது, கூட்டம் வந்தது, பூ போனது. இப்படியே வருஷங்கள் போயின.

எழுபத்தாறு தொடக்கத்தில், நெருக்கடி நிலையின் கெடுபிடி ஊருக்கும் வந்து பேச்சு நின்றது. அனுமதியில்லாமல் கூட்டம் கூடாது என்றார்கள். அழகப்பன் குழாயைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டுத் தகப்பனாரின் உளியைத் தேடி எடுத்தார். தங்கச்சாமி வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். பசிக்கிறது என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார். டீக்கடையில் கிளாஸ் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கம்மாளின் தோட்டத்தில் அந்தத் தையில் பூத்த பூ ஒன்றுகூட உதிரவில்லை. பூவெல்லாம் பிஞ்சாகி, பிஞ்செல்லாம் காயாகி, செடி பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்தது. பழுத்ததும் தோட்டம் தீப்பிடித்தது மாதிரி இருந்தது. களம் போதாமல் பாறையிலும் ரோட்டிலும் காயப்போட்டாள். அடிக்கல்லின் மேலும் ஒரு குவியல் காய்ந்தது. தோட்டம் தன் கைக்கு வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோனாள். கமிஷன் கடைக்காரர் ஒரு வத்தலைக் கிள்ளி நாக்கில் வைத்தார். இன்னொன்றைக் கடித்தார். பிறகு ஒரு முழு வத்தலை எடுத்து முறுக்குத் தின்கிற மாதிரி மென்று விழுங்கிவிட்டு, “ஆத்தா, இது மிளகா மாதிரி இருக்கு, மிளகா இல்ல. எங்குட்டு வேணாலும் கொண்டுபோங்க, எவனும் வாங்க மாட்டான்” என்றார். அவர் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து அரைத்துக் குழம்பு வைத்துப் பார்த்தாள். நிறம் ரத்தச் சிவப்பு. ருசியில் வெந்நீர். சோணையம்மாள் ஒரு கைப்பிடி வாயில் போட்டு மென்று, “வெள்ளரிக்காய்க்கே இதைவிட ரோஷம் இருக்கு” என்றாள். பேச்சு இருந்தால் காய் இல்லை, காய் இருந்தால் காரம் இல்லை என்றால் ஒரு மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? அக்கம்மாள் அடிக்கல்லில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை செடிகளைத் திட்டினாள். திட்டுக்கு அவை அசையவில்லை.

அடுத்த தையில் செடிகள் மறுபடி பூவாக நின்றன. ஊர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அக்கம்மாள் ஒரு காலையில் தங்கச்சாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் மெலிந்திருந்தார். துண்டு ஆணியில் தொங்கியது.

“கொழுந்தனாரே, தோட்டத்துக்கு வந்து கொஞ்சம் பேசிட்டுப் போங்க.”

அவர் வெகுநாள் கழித்து வாயைத் திறந்தார். “நக்கல் பண்றீகளா மதினி?”

“நக்கல் பண்ற நெலமையிலயா இருக்கேன்? வாங்கன்னா வாங்க.”

“அனுமதி வாங்கணும். பேசுனா பிடிச்சிட்டுப் போயிருவாக.”

“மிளகாச் செடிகிட்டப் பேசுனவனைப் பிடிச்சா, கிறுக்கன்னு சொல்லி நானே மீட்டுக் கொண்டாந்துர்றேன். துண்டை எடுங்க.”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். போட்டதும் முதுகு நிமிர்ந்தது. வரப்பில் ஏறி நின்று, மைக் இல்லாத கையை மைக் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, பெரிய வீட்டிலிருந்து தொடங்கினார். பூக்கள் உதிர்ந்தன. அக்கம்மாள் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மிச்சப் பூவிலாவது காரம் ஏறட்டும் என்று, செடிக்குப் பாதி போனதும் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, “போதும்” என்றாள்.

“இறுதியாக...”

“இறுதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எறங்குங்க.”

சொற்கடல் வாழ்நாளில் முதல் தடவையாகப் பாதிப் பேச்சில் இறங்கினார். நின்ற பூக்கள் காய்த்தன. அந்த வருஷத்து மூட்டையைப் பிரித்ததும் கமிஷன் கடைத் தெரு முழுக்கத் தும்மியது. கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வழிய நல்ல விலை சொன்னார். தேர்தல் வந்து பொட்டலில் மறுபடி குழாய் கட்டினார்கள். அதற்குள் அவள் கடைசிப் பழத்தையும் பறித்து முடித்திருந்தாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் தங்கச்சாமி தன் பாகத்தையும் அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்ததைப் பாராட்டித் தனக்குத்தானே ஒரு விழாவும் எடுத்துக்கொண்டார். அக்கம்மாள் சொன்னதால் அதைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தார்.

அதுமுதல் சித்தாவயலில் தை பிறந்தால் தொழுவுரம் போடுவது, களையெடுப்பது, தங்கச்சாமியைக் கூட்டிவந்து நிறுத்துவது என்று வேலைகள் முறையாக நடக்கின்றன. செடி நோஞ்சானாக இருந்தால் நாலு வீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வாள். தழைத்திருந்தால் நாட்டாமை வரைக்கும் போகலாம். அவர் ஒவ்வொரு வருஷமும் ஒரு ‘இறுதியாக’வைக் கூடச் செருகப் பார்ப்பார், அவள் ஒவ்வொரு வருஷமும் கத்துவாள். காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் தோட்டத்துக்கும் இவரை ஒருநாள் அனுப்பிவைப்பீர்களா என்று கேட்டபோது, “சாப்பாடு போட்டுருங்க, சோடா மட்டும் குடுத்துராதீக, நிறுத்த மாட்டாரு” என்று சொல்லி அனுப்பினாள்.

எழுத்தில்லாத அடிக்கல்லை அழகப்பன் உளியால் கொத்தி அம்மியாக்கிக் கொடுத்தார். ஒரு ஓரத்திலாவது தன் பெயரை வெட்டக்கூடாதா என்று தங்கச்சாமி கேட்டார். “வெட்டலாம். தேய்ஞ்சு தேய்ஞ்சு குழம்புக்குள்ள போயிரும், பரவாயில்லையா?” என்றாள் அக்கம்மாள். அவர் யோசித்துப் பார்த்து, எல்லார் வீட்டு வயிற்றுக்குள்ளும் போகும் என்றால் சரிதான் என்று சம்மதித்தார். இப்போது அதில்தான் அவள் மிளகாய் அரைக்கிறாள். காரம் அதிகமாகிவிட்டால், இந்த வருஷம் ஒரு வீடு கூடுதலாகப் பேசவிட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் புளியைக் கூட்டிக்கொள்கிறாள்.