முதல் அசையின் கனம்

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்போதெல்லாம் எங்கள் சலவைக் கடை மேகத்துக்குள் மிதக்கும். மேகத்தின் அந்தப் பக்கம் நின்று தங்கை இத்தாலிய வினைச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பாள். அந்த நாட்டு ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. போனில் அவர்கள் மொழியில் பேசித் தேறிவிட்டால் போகலாம்.

‘வசிப்பது’தான் அவளைப் படுத்தி எடுத்தது. ‘நான் வசிக்கிறேன்’ என்றால் ஆ-பி-தோ. அழுத்தம் முதல் அசையில். ‘வசிக்கிறோம்’ என்றால் அ-பி-தியா-மோ. அழுத்தம் உள்ளே நகர்ந்துவிடும். ‘அவர்கள் வசிக்கிறார்கள்’ என்றால் ஆ-பி-த-னோ. மறுபடி முதல் அசைக்கே ஓடிவிடும். அவளோ ஒவ்வொரு முறையும் ‘அபிதானோ’ என்று நடுவில் போய் விழுவாள்.

“இது ஒரு இடத்துல இருக்காதாமா?”

“உன்ன மாதிரிதான்டி,” என்றாள் அம்மா, பொத்தான் தைத்தபடி.

நான்தான் வழி சொன்னேன். “அழுத்தம் வர்ற இடத்துல பெட்டிய ஊனு. மத்தத சும்மா தடவிட்டுப் போ.”

கனமாக ஒன்று, லேசாக மூன்று. அந்தச் சத்தத்தில் நான் பார்த்தே இராத தெரு ஒன்று தெரியும். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி. கொடி நிறைய வெள்ளை விரிப்புகள். நடுவில் தங்கை, விரிப்பை மடிக்க மறுமுனை பிடிக்க ஆளில்லாமல். எனக்கும்தான் யார் இருப்பார்கள்? அவள் தேறாமல் போனால்கூட நல்லதுதான் என்று ஒரு மனசு சொன்னது.

போன் வந்தது. மறுமுனையில் ஒரு பெண், தண்ணீர் ஓடுவது போன்ற குரல். தங்கை ‘அபிதியாமோ’ என்றாள், வெகு அழகாக. நாங்கள் வசிக்கிறோம். குரல் வேறேதோ கேட்டது. ‘மாத்ரே’ என்றாள், ‘சொரெல்லா’ என்றாள். அம்மா, அக்கா, அந்த இரண்டும் எனக்கும் தெரியும். அப்புறம் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

பெட்டி என் கையில். சும்மா நின்றால் போதும், நாளைக்கும் விரிப்பின் மறுமுனையில் அவள் இருப்பாள். ஆவி எங்களுக்கு நடுவே மெல்லக் கடந்து போனது. அம்மாவின் ஊசிகூட நின்றுவிட்டது.

ஊன்றினேன். தொம். பிறகு லேசாக மூன்று.

“ஆபிதனோ,” என்றாள் தங்கை. அவர்கள் வசிக்கிறார்கள். அம்மாவும் நானும் ‘அவர்கள்’ ஆகிவிட்டோம்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள்: “என்னடி சொன்னா?”

“வரச் சொல்லிட்டா.”

அடுத்த விரிப்பை அவளிடம் நீட்டாமல் நானே எடுத்தேன். ஒரு ஓரத்தை முகவாயில் இடுக்கிக்கொண்டால் எப்படியோ மடிக்க வருகிறது.

“கோணலா இருக்குக்கா.”

“நீ உன் வேலையப் பாரு,” என்றேன், முகவாயை அசைக்காமல்.