மூன்று முறை கழுவிய விந்தணு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திங்கள்கிழமை மதியம், பஃபலோ சாலைக் கடையொன்றில், என் தோழி தாரணி தோசையைத் தொடாமல் சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா மெருகேத்தாத."

முதல் தொடக்கம்: 'ஜூரோங்கில் அன்று மழை விடாமல்—'

அன்று மழையே இல்லை.

இரண்டாவது: 'கிடாவின் விந்தணு உருவாகும்போது முழுமையானதல்ல.' இது உண்மை. இருக்கட்டும்.

2

உருவான உடனே அதனால் நீந்த முடியாது. விதைப்பைக்குள் விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயை அது கடக்க வேண்டும். பல நாள் பயணம். வழியில் அதன் மேற்பரப்பு மாறுகிறது. சில சர்க்கரைகளும் புரதங்களும் உதிர்கின்றன. சில புதிதாக ஒட்டுகின்றன. குழாயின் முடிவில்தான் அது கருவுறச் செய்யும் தகுதிக்கு வருகிறது.

[இந்தக் கதை வரப்போகும் தொகுப்பின் ஆசிரியர் சுசீலா அக்கா 'விந்தணு'வை எடுக்கச் சொன்னார். "ஸ்கூல் பிள்ளைங்க படிப்பாங்க லா. ரத்த அணுன்னு போட்டுடேன்." அந்தக் குழாயில் ரத்த அணு போகாது, அக்கா. ஆட்டின் விந்தணு கூச்சம் தருகிறது. பொய் அவருக்குக் கூச்சம் தரவில்லை.]

தாரணி மதுரைக்காரி. ஜூரோங் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. பண்ணை கழித்துவிட்ட கிடாக்களின் விதைகள் ஐஸ் பெட்டியில் வரும். குழாயின் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் விந்தணுக்களை எடுப்பாள். கழுவுவாள். ஒரு சர்க்கரையில் மட்டும் ஒட்டும் பச்சைச் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பாள்.

தொடக்கத்தில் பச்சை. முடிவில் இருட்டு.

முதிரும்போது இந்தச் சர்க்கரைப் பூச்சு உதிர்ந்துவிடுகிறது என்று அவளுடைய மேலாளர் டாக்டர் இளமாறன் கட்டுரை எழுதினார். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

3

என் முதல் வரைவில் தவறு இளமாறனுடையது. தாரணி அப்பாவி. அவள் அதைக் கைபேசியில் படித்தாள்.

"மூணு தடவை கழுவினது நான். அதை ஏன் எடுத்த?"

"உன்னை நல்லவளா காட்டலாம்னு—"

"நான் கேட்டேனா? அவரும் இதைத்தான் செய்றார். வேண்டாததை எடுத்துடுறார்."

திருத்துகிறேன்.

குழாயின் முடிவில் திரவம் பாகுபோலக் கெட்டி. அதனால் அந்த மாதிரிகளை மட்டும் மூன்று முறை சுழற்றிக் கழுவினாள். மற்றவற்றை ஒருமுறை. சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற நினைப்பு. ஒருநாள் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை மட்டும் கழுவினாள். முடிவிலும் பச்சை. மேலும் ஆறு கிடாக்களில் பார்த்தாள். பச்சை.

பூச்சை உதிர்த்தது முதிர்ச்சியல்ல. அவள் கை.

4

அவளே போய்ச் சொன்னாள்.

"பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு, தாரணி. இப்ப வந்து வாஷிங் பத்திப் பேசுறீங்க."

"அந்த ரிசல்ட்டே வாஷிங்தான், சார்."

"எல்லாரும்தான் கழுவுறாங்க லா. யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"நான் எண்ணினேன், சார்."

[இங்கே அவருக்கு நோயாளி மனைவி ஒருத்தியைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.]

அவர் ஒரு தாளை நகர்த்தினார். "ஃப்ரைடேக்குள்ள சைன் பண்ணிடுங்க. உங்க வொர்க் பாஸ் ரினியூவலும் அன்னிக்குத்தான் என் டேபிளுக்கு வருது."

குரலை உயர்த்தவில்லை. 'நீங்க' என்றே பேசினார்.

5

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறாள். வேலை நிலைக்கிறது. எங்கோ ஒருவர் கட்டுரையை நம்பி, நல்ல விந்தணுவென்று தவறானதைத் தேர்ந்து, ஆடுகள் ஏன் சினையாகவில்லை என்று—

முடிவு இரண்டு: மறுக்கிறாள். சாங்கி விமான நிலையம், ஒரு பெட்டி, சுசீலா அக்கா எதிர்பார்க்கும் கண்ணீர்—

இரண்டையும் எழுத மாட்டேன். தவறை ஒப்புக்கொண்டவள் ஊருக்குப் போக வேண்டும். மறைத்தவர் மாநாட்டுக்குப் போவார். இந்த ஏற்பாட்டுக்கு அழகான கடைசி வரி என்னிடம் இல்லை.

இன்று வியாழன். அவள் பையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன.

அவர் தந்தது: 'எல்லா மாதிரிகளும் ஒரே விதமாகக் கழுவப்பட்டன.'

ஆய்விதழுக்கு அவள் எழுதியது: 'தொடக்க மாதிரிகளை ஒருமுறையும் முடிவு மாதிரிகளை மூன்று முறையும் கழுவினேன். தவறு என்னுடையது.'

இரண்டிலும் இன்னும் கையெழுத்தில்லை.

யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டார். இதைப் படித்த நீங்கள் எண்ணிவிட்டீர்கள்.

இந்தாருங்கள், பேனா.