தாய்வழிச் சோதனை

குஞ்சுகளின் வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. ஆற்றுமீனுக்கு அது கிடையாது. பண்ணைகளில் வளரும் அதன் பங்காளி மீனுக்கு உண்டு. மழை தாமதித்து ஆற்றில் விட முடியாமல் போனதால், குஞ்சுகள் இந்த வருடம் மீன் பொரிப்பகத்தின் தொட்டியிலேயே பெரிதாகிவிட்டன, பொட்டும் தெரிந்துவிட்டது.

குஞ்சுகளின் மரபணுவைப் பரிசோதிப்பது அவள் வேலை. அவளுடைய சோதனை வருடா வருடம் கலப்பில்லை என்றே சொல்லிவந்தது. ஆனால் அது தாய்வழி மரபணுவை மட்டும் பார்ப்பது. சந்தேகம் தட்டியதும் தகப்பன் வழியையும் காட்டும் சோதனைக்குத் குஞ்சுகளின் துடுப்பு நுனிகளை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். காலையில் முடிவு வந்தது. பாதி ஆற்றுமீன், பாதி பங்காளி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நாளைக்கு இவற்றை ஆற்றில் விடுவதாக இருந்தது. கலப்பில்லாத மீன்கள் அங்கே கொஞ்சம்தான் மிச்சம். இவை அவற்றோடு கூடினால் ஆற்றுமீனின் சாயல் இருக்கும், ஆற்றுமீன் இருக்காது.

பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். வேலைக்குச் சிபாரிசு செய்தவள் அவள்தான். வலையை உதறிக்கொண்டிருந்தவர் அவள் கேட்டதும் மழுப்பவில்லை. காற்றுக்குழாய் அடைத்து ஆண்மீன்கள் அத்தனையும் செத்துப்போய்விட்டனவாம். வேலை போய்விடுமே என்று பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆண்மீன்களைப் பிடித்துவந்து விட்டாராம்.

"நான் சோதனை பண்ணுவேன்னு பயமா இல்லையா அத்தான்?"

"நீதானேம்மா சாப்பிடும்போது சொன்னே, இதுல அம்மா யாருன்னுதான் தெரியும், அப்பன் யாருன்னு தெரியாதுன்னு. அப்பனுங்களுக்கு வசதியாப் போச்சுன்னு உங்க அக்காகூடச் சிரிச்சாளே."

அவளும்தான் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

இயக்குநருக்குப் போன் போட்டு, நாளை எதையும் விட வேண்டாம் என்றாள். அவர் காரணம் கேட்டார். சொல்ல வாயெடுத்தவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆண்மீன் எப்போ செத்துச்சு?"

அத்தான் வலையில் சிக்கெடுக்க ஆரம்பித்தார். போன வருஷம், முட்டைப் பருவத்துக்கு முன்னாடி என்றார்.

போன வருடக் குஞ்சுகளை அவளேதான் வாளி வாளியாக ஆற்றில் கவிழ்த்தாள். பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வாளி எடுத்துக்கொடுத்தவர் இவர்.

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிம்மா சொல்றது?"

அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். அக்காவை நினைச்சுப் பாரும்மா என்றார் அத்தான்.

"சார், போன வருஷம் விட்டதும் கலப்புதான். இன்னிக்கே ஆத்துல வலை போடணும்," என்றாள். யார் செய்த வேலை என்று அவர் கேட்டார். சொன்னாள்.