பிறந்த வீட்டுச் சாட்சி

"நான் போகமாட்டேன்னு நீ எப்பிடி சொல்லலாம்? உன்ன எதுக்குக் கூப்ட்டேன், நீ என்னா—"

"கத்தாதடி, உள்ள கேக்குது—"

"கேக்கட்டும்! நீ மைக்குல சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. என் பக்கம் பேசத்தான உன்ன—"

"உன் பக்கந்தான்டி பேசினேன். குடும்பத்தோட இருன்னு சொல்றது யார் பக்கமாம்?"

"தமிழரசன் பக்கம்!"

"புருசன் பேரச் சொல்லாத."

"எனக்குப் புருசன். உனக்குத் தம்பி. அத மொதல்ல சொல்லு."

பாகலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பிட்ட கையைக் கழுவக் குழாய்கள் வரிசையாக வைத்திருக்கிற பின்பக்கத்தில் தாயும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பந்திக் கூடத்தில் மேசைகளை ஓரம் கட்டிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். 'நானும் என் வாழ்வும்' என்ற கருத்தரங்கு. வருகிறவர்கள் ஞாயித்துக்கிழமை மீட்டிங் என்பார்கள். நான் யார், எனக்குக் குடும்பம் எதற்கு, குடும்பத்துக்கு நான் எதற்கு என்றெல்லாம் பேசுவார்கள். இப்போது தேநீர் இடைவேளை.

சுமலதா செல்போன் பாகங்கள் பொருத்துகிற ஆலை ஒன்றில் வேலை செய்பவள். ஸ்ரீபெரும்புதூர் கிளையில் எட்டு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முடித்துவிட்டு வந்தால் லைன் லீடர், வேலையும் நிரந்தரம். மறுநாள் காலை பெயர் போயாக வேண்டும். அனுப்புகிறவர் ஆலையின் நல அலுவலர் வீரலட்சுமி. போன வருடம் பயிற்சிக்குப் போன பெண்ணின் வீட்டார் ஆலை வாசலில் வந்து கலாட்டா செய்ததிலிருந்து, வீட்டில் சம்மதம் என்று தெரிந்தால்தான் அவர் பெயர் அனுப்புவார். இந்தக் கருத்தரங்கை நடத்துகிறவர்களிலும் அவர் ஒருவர்.

கருத்தரங்கில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஞாயிறு, ஒவ்வொரு பெண்ணும் பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவரைச் சாட்சியாக அழைத்து வர வேண்டும். அவர் பேசும்போது யாரும், அந்தப் பெண்ணும்கூட, குறுக்கே பேசக் கூடாது. புகுந்த வீட்டில் தனியாக நிற்கிறவளுக்கு ஒரு குரல் இருக்கட்டும் என்று நல்ல மனசோடு வைத்த வழக்கம். தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த பெண்களுக்கு அண்ணன்மார்கள் ரயிலேறி வந்திருந்தார்கள். சுமலதா ஜவளகிரியிலிருந்து அம்மா மாரம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவை விட்டால் வேறு யார்?

அவள் கட்டிக்கொண்டிருப்பது அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை. அந்த வட்டாரத்தில் அக்கா மகளைக் கட்டுவது முறைதான். தெரியாத விஷயமா? ஆனாலும் கூப்பிடுகிற நேரத்தில் அம்மாவை அம்மா என்று மட்டும் நினைத்துவிட்டாள்.

மாரம்மா மைக்கைப் பிடித்து, "எம்பொண்ணு போகமாட்டாங்க. ஏதோ ஆசையில சொல்லிட்டா. என் தம்பி தங்கமானவன். சோறாக்கி வெச்சிட்டு ஷிஃப்டுக்குப் போறவன். அவன வுட்டுட்டு எங்க போவா?" என்றாள். கூடமே கைதட்டியது. சுமலதா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம் அப்படி.

"என்னம்மா, அம்மாவும் பொண்ணும் மனசு விட்டுப் பேசுறீங்களா? ரொம்ப நல்லது" என்றபடி மாதேஸ்வரன் வந்தார். கருத்தரங்கை வழிநடத்துகிறவர், கோயம்புத்தூர்க்காரர்.

"சார், எங்கம்மா சாட்சி செல்லாது. வேற ஆள் கூப்ட்டுக்கலாமா?"

"தாராளமா. அப்பா?"

"எங்கப்பா உங்கம்மாவக் கேளும்பாரு."

"கூடப்பிறந்தவங்க?"

"தம்பி ஒருத்தன். அவன் கட்டினது எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ண."

"சித்தப்பா, பெரியப்பா?"

"சித்தப்பாவக் கட்டினது எங்கம்மாவோட தங்கச்சி."

மாதேஸ்வரன் விரலை மடக்கிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்தினார். "அப்ப உனக்குன்னு தனியா ஒருத்தருமே இல்லையாம்மா?"

"கல்யாணப் பத்திரிகையிலயே ரெண்டு பக்கமும் ஒரே பேரு சார். அச்சடிச்சவன் தப்பா விழுந்துருக்குன்னு ஒரு பக்கத்த எடுத்துட்டான்."

மாரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மனச அமைதியா வெச்சுக்கங்க. உள்ள இருக்கிற குரலக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாதேஸ்வரன் போய்விட்டார். வீரலட்சுமி எதிரே வந்தார்.

"மேடம், என் பேர அனுப்பிடுங்க. நான் போறேன்."

"இவ்ளோ பேர் முன்னாடி உங்கம்மாவே இல்லன்னுட்டாங்களே, சுமலதா."

"எனக்கு முப்பத்தொண்ணு வயசு மேடம். ஓட்டுப் போடறப்ப யாரும் அம்மாவக் கூட்டினு வான்னு சொல்லல."

"புரியுதும்மா. நாளைக்கு ஆலை கேட்டுல வந்து கத்தினாங்கன்னா பதில் சொல்றது நான். அடுத்த பேரு ரூபாவோடது. அவ அண்ணன் வந்து நல்லா பேசிட்டாரு. இன்னிக்குள்ள உன் பக்கம் ஒருத்தர் சரின்னா சொல்லு. இல்லன்னா ரூபாதான்."

தமிழரசன் மூன்று காகிதக் கோப்பைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். "இந்தாக்கா, சக்கர போடாதது உனக்கு. சுமா, புடி."

"வேணாம்."

"டீ மேல என்னா கோவம்? நான் உள்ள வாயே தொறக்கலியே."

"நீ என்னாத்துக்குத் தொறக்கணும்? எங்கம்மா வாய வாடகைக்கு எடுத்துட்ட."

"பாத்தியாக்கா பேச்ச?"

"அவ கிடக்கறா, நீ டீயக் குடி" என்றாள் மாரம்மா. மகளிடம் குரலைத் தணித்தாள். "எனக்கு ஒரே தம்பி மிச்சம்டி. பெரியவன் செத்ததுல இருந்து இவனப் பாத்துத்தான் இருக்கேன். கோச்சுக்கினு நீ எங்க போயிடுவ? நம்ம வீட்டுக்குத்தான வருவ."

"வந்தேனே, போன பொங்கலுக்கு. எனக்கு முன்னாடி உன் தம்பி பைக்குல வந்து உக்காந்துருந்தாரு. அவருக்குத்தான் மொதல்ல சோறு போட்ட."

"பசியோட வந்தான்டி."

"நான்?"

மாரம்மா கோப்பையை ஊதினாள்.

"சரி, பேசுவோம்" என்றான் தமிழரசன். "நம்ம பாப்பா ராத்திரி எழுந்து அம்மா எங்கன்னா, நான் என்னா சொல்றது?"

"படிக்கப் போயிருக்கான்னு சொல்லு. பொய் இல்லியே."

"அது மட்டுமா? நான் இத்தன வருசமா கான்ட்ராக்டு. நீ பர்மனெண்டு ஆயிட்டு வருவ. பர்மனெண்டு பொண்டாட்டிக்கு கான்ட்ராக்டு புருசன்னு லைன்ல பசங்க சிரிப்பானுங்க, சுமா. இப்பவே ஒருத்தன் ஆரம்பிச்சிட்டான்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த கோப்பை கசங்கித் தேநீர் விரலில் வழிந்தது. அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் கையை நீட்டிக் கழுவிக்கொண்டான்.

உள்ளே மணி அடித்தார்கள். மாதேஸ்வரன் மைக்கில், "உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. இன்னும் ஒரு சாட்சிக்கு நேரம் இருக்கு. சொந்த பந்தம் யாராவது பேசலாம்" என்பது கேட்டது. கூடத்து வாசலில் வீரலட்சுமி ரூபாவின் அண்ணனோடு பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்.

"வா, உள்ள போலாம்" என்றான் தமிழரசன்.

சுமலதா நகரவில்லை. "பத்தாவது முடிச்சதும் எங்கப்பா என்ன ராகி காட்டுக்கு இழுத்துட்டுப் போனாரு, ஞாபகம் இருக்கா?"

"இப்ப என்னாத்துக்கு அது?"

"சேதி தெரிஞ்சு மழையில வந்து நின்ன. பொண்ணு பன்னெண்டாவது வரைக்கும் படிக்கணும், நிறுத்தினா நான் தூக்கிட்டுப் போயிருவேன்னு அவரு சட்டையப் புடிச்ச. நானே எம்பேச்ச பேச பயந்துகிட்டு மாட்டுக் கொட்டாயில நின்னேன்."

"சின்னப் பொண்ணு நீ அப்ப."

"அப்ப நீ எனக்கு யாரு?"

"யாருன்னா... உங்கம்மாவோட தம்பி."

மாரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுமலதா அவளைப் பார்க்காமலே கையால் தடுத்துவிட்டு, தமிழரசனின் ஈரக் கையைப் பிடித்துக் கூடத்துப் பக்கம் திருப்பினாள்.

"புருசனா வராத மாமா. எங்கம்மாவுக்குத் தம்பியா மட்டும் அந்த மைக்குகிட்ட வா. உன் அக்கா பொண்ணுக்கு வேலை வந்துருக்கு, அவ வீட்டுக்காரன் போகாதங்கறான். நீ என்னா சொல்ற?"