இருபது தேய்ப்பு

...இருக்காது, கை சில நேரம் இப்படித்தான், காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போயிருக்கும்போது இல்லாததையெல்லாம் இருப்பதாகச் சொல்லும், இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தாங்கிகளின் மேல் குப்புறக் கிடந்த அந்த சர்ஃப் போர்டின் விளிம்பில் மூக்கிலிருந்து வால்வரை கையை மெல்ல நகர்த்தினாள். வளைவு வழவழவென்று வந்தது, வந்துகொண்டே இருந்தது, வாலுக்கு நாலு விரல் முன்னால் சட்டென்று ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையானது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி வளைந்தது. மறுபக்கமும் போனாள். அங்கேயும் அதே நாலு விரல், அதே கட்டைவிரல் அகலம். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை அவளால் தனக்குத்தானே மறைத்துக்கொள்ள முடியவில்லை, பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் வீட்டு ஆள் யாரையாவது பார்த்துவிட்டால் வருமே, அட நீயா என்று, அப்படி. அதற்கப்புறம்தான் பலகையில் இருக்கும் பெயர் ஞாபகம் வந்தது. கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் புதிதாக வந்திருக்கும் மூன்று மாடிக் கடையின் பலகை இது, அண்ணனும் அவளும் பெயரைச் சொல்லாமல் மாடிக்கடை என்றே சொல்லும் கடை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் செதுக்கியது. அவள் கையே படாத பலகையில் அவள் கை சறுக்கியது எப்படி இருக்கும்?

சறுக்கியது ஏழு வருஷத்துக்கு முன்னால். அண்ணனும் அவளும் இந்தக் கடையைத் திறந்த அன்று, இதே பின்னறையில், இதே டியூப் லைட்டுக்குக் கீழே, ப்ளைவுட்டில் முதல் அச்சை அறுத்துக்கொண்டிருந்தாள், பலகையின் பாதி உருவம் மட்டும், அதை நடுக்கோட்டில் வைத்து ஒரு பக்கம் வரைந்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் வரைந்தால் முழுப் பலகை. அண்ணன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்தவன் சும்மா பிடித்தானா, கட்டடக்காரர் வாடகை பேச நடந்து வரும் நடையைச் செய்து காட்டினான், வயிறு முன்னால் வந்து சேர்ந்து, ஆள் கொஞ்சம் கழித்து வருவதுபோல... அவள் சிரித்தாள், ரம்பம் சறுக்கியது. வேற ஒண்ணு அறுக்கிறேன்ணா, என்றாள். விடு பாப்பா, ஒவ்வொரு போர்டுலயும் இருபது தடவ தேச்சா போயிடப் போவுது, நான் உன்னச் சிரிக்க வச்சதுக்கு இதுதான் சாட்சி, என்றான். அன்றிலிருந்து அப்படியே. அச்சை வைத்து ஃபோம் பாளத்தில் வரைவாள், அறுப்பாள், நீளமான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தில் இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது, வாய்க்குள் எண்ணிக்கொண்டு. கடையை விட்டு வெளியே போன ஒரு பலகையிலும் அந்தத் தட்டை கிடையாது. மாடிக்கடைக்காரர்கள் அவள் பலகையில் பத்தை வாங்கிப்போய் அக்குவேறு ஆணிவேறாக அளந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. இது அச்சில் மட்டும்தான் இருக்கிறது. அச்சு சுவரில் ஆணியில் தொங்குகிறது. தேய்த்து எடுக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர், இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆணியிலிருந்து அச்சை எடுத்தாள். எடுக்காமலே இருந்திருக்கலாம், சில விஷயங்களைச் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளலாம் இல்லையா, ஆனால் கை எடுத்துவிட்டது. பலகையின் நடுக்கோட்டில் வைத்தாள். இமை மூடுவதுபோல் உட்கார்ந்தது, எங்கேயும் ஒரு நூல் இடைவெளி இல்லை. திரும்ப மாட்டினாள். மாட்டும்போது இன்னொன்று. மூக்கு மேலே இருக்கும்படிதான் அவள் எப்போதும் மாட்டுவது, அச்சில் இரண்டு முனையிலும் ஓட்டை உண்டு. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் தூக்கக் கலக்கத்தில் மாட்டிவிட்டேன்போல என்று நினைத்து, நிமிர்த்தி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அதற்கு முந்தைய மூன்று நாளும் அண்ணன் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் என்று ஊரில் இல்லை. கல்யாணத்துக்கு எதற்கு வேன் எடுத்துப் போகிறாய் என்றுகூடக் கேட்டாளே, சாமான் இருக்குடி என்றானே... இருந்திருக்கிறது, சாமான்.

வேலை, வேலை, ஐந்து மணிக்குப் பல் டாக்டர் வந்துவிடுவார். பலகை அவருடையது, பாறையில் மோதி அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நேற்று சாயங்காலம் கொண்டுவந்தபோது இவளும் முன்னால்தான் இருந்தாள். நீங்களும் சொத்தைய நோண்டி அடைக்கிறவங்கதான், மரத்துப்போக ஊசி உண்டா, என்று அவர் கேட்க அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அலையில திரும்பும்போது ஒரு இடத்துல போர்டு தயங்குதுங்க, என்னன்னே தெரியல, அப்படித் தயங்கித்தான் பாறையில போய் விழுந்தேன், என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ரெசின் பசை கொண்டுவந்தவன் பின்பக்கம் கூப்பிட்டான், போய்விட்டாள். ஈரம் போகத் துடைத்து வைத்த பிளவில் ஃபைபர் தூள் கலந்த ரெசினை வழித்து நிரப்பினாள். அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு கூடினால் கொதித்துப் புகையும், ஒரு சொட்டு குறைந்தால் நாளைக்கும் பிசுபிசுக்கும், சொட்டுச் சொட்டாக எண்ணித்தான் விட்டிருந்தாள். ஃபைபர் துணியை வெட்டி மேலே போட்டாள், தூரிகையால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினாள். டாக்டரும் போன மழைக்காலத்தில் இங்கேதான் ஒரு மணி நேரம் நின்றார், அவர் எடைக்கு எவ்வளவு கனம், எவ்வளவு அகலம், எல்லாம் கேட்டார், அவள் தாளில் வரைந்து கொடுத்தாள், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மாடிக்கடையில் வாங்கினார். உடைந்ததும் இங்கே வந்தார். இப்படி எத்தனை பேர். தொட்டுப் பார்க்க இந்தக் கடை, வாங்க அந்தக் கடை, ஒட்டுப்போட மறுபடி இந்தக் கடை. அதெல்லாம் பழகிவிட்டது, வருகிறவர்கள் யாரோ, அவர்கள் எதற்கு நமக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், அண்ணன்தான் அப்படிச் சொல்லித் தேற்றுவான். வெளி ஆள்கிட்ட என்ன கோவம் பாப்பா, என்பான்.

சரி, வெளி ஆளிடம் கோபம் இல்லை.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அவனே வந்தான், இரண்டு கையிலும் டீ. மூக்கைச் சுளித்து, இந்த நாத்தத்துல எப்படித்தான் உக்காந்திருக்கியோ, என்றான், ஏழு வருஷமாக இந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் சொல்வதுதான். டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தான். புருவத்துல மாவு அரைச்சு வச்சிருக்க, என்றான். அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை, கழற்றினால் வாய் என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியவில்லை. “ஆச்சா?” “காயணும்.” “அஞ்சு மணிக்கு வந்துடுவாரு.” “தெரியும்ணா.” நின்றான். பலகையைப் பார்க்கிறானா, அவளைப் பார்க்கிறானா, ஜன்னல் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. “கட்டடக்காரர் காகிதத்துல கையெழுத்துப் போட்டியாண்ணா?” என்று கேட்டாள். அதைக் கேட்கவா இருந்தாள்? இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கடையை எடுத்துக்கொள்கிறோம் என்று இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டிய காகிதம், பத்து நாளாகக் கல்லாப்பெட்டிக்கு மேல் கிடக்கிறது, அவள் கையெழுத்து முதல் நாளே விழுந்துவிட்டது. “போடணும். பேனா எழுத மாட்டேங்குது.” “பேனா பத்து நாளாவா எழுதல?” “உனக்கு வாய் கூடிப்போச்சு,” என்று சிரித்தான், அதே சிரிப்பு, போகும்போது கதவை மெல்லச் சாத்தினான். அவன் கதவை ஒருநாளும் மெல்லச் சாத்தியதில்லை, காலால் உதைத்துவிட்டுத்தான் போவான்... அல்லது இன்றைக்கு அவளுக்கு எல்லாமே வேறு மாதிரி கேட்கிறதா?

டீயில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பேச அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சின்ன வயதிலிருந்து அவன் உடைத்ததற்கெல்லாம் அவள்தான் காரணம் கண்டுபிடிப்பாள், பூனை தட்டியது, காற்று தள்ளியது. இப்போதும் உள்ளே ஆரம்பித்துவிட்டாள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தத் தூசியும் தும்பும் என்று அப்பா குதித்தபோது, ஏசி ரூமில் உட்கார்ந்து பார்த்த வேலையை விட்டுவிட்டு, நான் கல்லாவுல உக்காருறேன், அவ செய்யட்டும் என்றவன் யார்? அண்ணிக்கு இது ஏழாம் மாசம். மாடிக்கடையில் மேனேஜர் நாற்காலி காலியாக இருக்கிறது என்று பலகைக்குப் பூசும் மெழுகு விற்கிறவர் போன வாரம் சொன்னபோது அண்ணன் பேச்சை மாற்றியதை இவளும் பார்த்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே. அச்சு என்ன பெரிய அச்சு, அரை ப்ளைவுட். கேட்டிருந்தால், எடுத்துப்போ, ஆனா அந்த இடத்தைத் தேய்க்கணும்னு சொல்லிடு, யாராவது விழுந்து வைக்கப் போறாங்க, என்றுகூடச் சொல்லி அனுப்பியிருப்பாள்... அனுப்பியிருப்பாளா? இல்லை. அனுப்பியிருக்க மாட்டாள், கத்தியிருப்பாள், அதனால்தான் அவன் கேட்கவில்லை. ஆக அவளை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, வலிப்பது அங்கேதான், தெரியாமல் செய்திருந்தால் பூனையையோ காற்றையோ சொல்லியிருக்கலாம்.

ரெசின் காய்ந்துவிட்டது, நகத்தால் தட்டினால் கணீரென்றது. தேய்க்க ஆரம்பித்தாள். சொரசொரப்பான தாள், பிறகு நைசான தாள், பிறகு தண்ணீர் தொட்டு. கை தன்பாட்டுக்கு நகர்ந்து வாலுக்கு நாலு விரல் முன்னால் வந்து நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டது, ஐந்தில்தான் விழித்துக்கொண்டாள். மேலே கண்ணாடிபோல் இறுகிப்போன ஃபைபர், இனி இருபது என்ன இருநூறு தேய்த்தாலும் உள்ளே இருக்கிற வளைவு மாறாது. இன்னொன்றும் தோன்றியது, முன்பே தோன்றியிருக்க வேண்டியது. நேற்று பலகையை வாங்கி வைத்தவன் அண்ணன். ரிப்பேருக்கு எது வந்தாலும் வந்தவர் கண் எதிரிலேயே மூக்கிலிருந்து வால்வரை இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பான், விரிசலுக்குப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, பள்ளத்துக்கு ஒரு வட்டம், பின்னால் வந்து இது உங்களால் ஆனது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. அப்படியானால் அவன் கையும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. தெரிந்திருக்காது, கல்லாவில் உட்கார்ந்து பழகின கை, என்று நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மணி நாலே முக்கால். அசிட்டோனில் துணியை நனைத்துக்கொண்டு, பென்சில் குறிகளைத் துடைக்க ஆரம்பித்தாள், கடைசியில் அவள் செய்யும் வேலை அது. அடிப்பக்கத்தில் பிளவைச் சுற்றி இரண்டு பெருக்கல் குறி, ஒரு வட்டம். துடைத்தாள். பலகையைத் திருப்பிப் போட்டாள், நிற்கும் பக்கம் மேலே வந்தது. மதியத்திலிருந்து அந்தப் பக்கம் தரையைப் பார்த்துக்கிடந்ததால் அவள் இப்போதுதான் பார்க்கிறாள். தூசியை ஊதினாள். வாலுக்கு நாலு விரல் முன்னால், விளிம்பை ஒட்டி, ஒரு வட்டம். மெல்லியது, பென்சிலை அழுத்தாமல் போட்டது. பள்ளமோ கீறலோ இல்லாத இடம். மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்று, அதே இடத்தில். விரலால் தடவினாள், பென்சில் விரலுக்குத் தெரியாது, விளிம்பில் அந்தத் தட்டை மட்டும்தான் தெரிந்தது.

தெரிந்துதான் இருக்கிறது. எப்படித் தெரிந்தது? எந்தப் பலகையிலும் செய்வதுபோல் தடவி, ஏதோ கோணல் தட்டுப்பட, யாரோ செய்த தப்பு என்று வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டானா, கட்டடக்காரர் நடை, சிரிப்பு, சாட்சி எல்லாம் மறந்து? அல்லது கை நின்று, டாக்டர் எதிரில் முகம் மாறாமல், வாயால் சொல்ல முடியாததைப் பென்சிலால் சொல்லிவிட்டு, நேற்று சாயங்காலத்திலிருந்து முன்னால் உட்கார்ந்து அவள் கத்துவதற்காகக் காத்திருக்கிறானா, டீயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது அதற்கா? இரண்டில் எது இருக்கட்டும் என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். மறந்துவிட்டான் என்றால் அவன் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, மன்னிக்க ஒன்றும் இல்லை. மறக்கவில்லை என்றால்... அவளுக்கு எது வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

முன்பக்கம் கதவு மணி அடித்தது. டாக்டரின் குரல், ஏதோ பல் ஜோக், அண்ணனின் சிரிப்பு. பிறகு, “பாப்பா... டாக்டர் வந்துட்டாரு. துடைச்சிட்டியா?” என்றான்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. துணியை வட்டத்தின் மேல் கொண்டுபோனாள். அசிட்டோன் எப்போதோ ஆவியாகிவிட்டிருந்தது, கையில் இருந்தது காய்ந்த துணி. இன்னொரு தடவை நனைக்க வேண்டும். டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“துடைச்சிட்டியான்னு கேட்டேன்,” என்றான் மறுபடி, இந்த முறை கொஞ்சம் மெதுவாக.