விட்டுப்போன எட்டுச் சுற்று

சாப்பாட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்த கணவர் கையிலிருந்து ஜோய்ஸ்லின் இரண்டு கரண்டிகளையும் பிடுங்கினாள்.

"சோறு ஆறுது. இது மேசை, பான் இல்ல."

"எட்டே எட்டு சுத்துதான் ஜோய்ஸ். இப்பதான் வழிக்கு வருது."

"சாப்பிட்டுட்டு வரட்டும்."

அன்சில் சிரித்துக்கொண்டே முழங்கையை ஊன்றினார். முன்கால் குட்டையான அந்த மேசை இடதுபக்கம் சாய்ந்து 'டக்' என்றது. சர்க்கரையைக் கருக்கி, துவரையும் கோழியும் போட்டு ஆக்கிய சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றார். தட்டைக் கழுவப் போனவர் தொட்டியடியிலேயே விழுந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

திருவிழாப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். லவன்டில் மேட்டில் அவர்கள் குழுவின் முற்றத்தில் எண்பது பேர், எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் சுரம் கூட்டிய பான்களில் அவருடைய பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். எதுவும் தாளில் கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டை அடித்துக் காட்டுவார். அவர்கள் அதை வைத்து விளையாடுவார்கள். யாராவது தப்பாக அடித்தால் ஓடிப்போய், "அதையே இன்னொரு தரம்" என்பார். மறுநாள் அந்தத் தப்பு பாட்டுக்குள் இருக்கும். ஜோய்ஸ்லின் பள்ளியில் இருபத்தாறு வருடமாகச் சுரம் எழுதச் சொல்லிக்கொடுப்பவள். எழுதித் தரட்டுமா என்று வருடாவருடம் கேட்டாள். எழுதிவிட்டால் பயல்கள் விளையாடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று வருடாவருடம் மறுத்தார்.

இப்போது பாட்டின் நடுவில் எட்டுத் தாளச் சுற்று இல்லை.

அவர் அடக்கத்தன்று தேவாலய வாசலில் அந்தப் பாட்டைத்தான் வாசிப்பது என்று முற்றத்தில் முடிவானது. முதல் வரிசையில் வாசிக்கும் ஷெர்மா வீடு தேடி வந்து, கடைசியாக அவர் எதையாவது தட்டினாரா என்று கேட்டாள்.

தட்டினார். ஜோய்ஸ்லின் எதிரில்தான் இருந்தாள். ஒருமுறை கேட்டால் எந்த மெட்டையும் எழுதிவிடக்கூடியவள். இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சர்க்கரை கருகிய வாசனை நினைவுக்கு வந்தது. கோபம் நினைவுக்கு வந்தது. மெட்டு வரவில்லை. கடைசியில், இப்படித்தான் இருந்திருக்கும் என்று எட்டுச் சுற்றை எழுதி எடுத்துப்போனாள்.

அவள் பாடிக் காட்ட, ஷெர்மா தன் பானில் அடித்துப் பார்த்தாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு, டீச்சர்," என்றாள் ஷெர்மா.

"ஆனா?"

"ஒரு தப்புகூட இல்லையே."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு ஆளாளுக்குத் தங்களிடம் அவர் சொன்னதாக ஒன்றை அடித்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "என்கிட்டதான் சொன்னாரு," "உன்கிட்ட சொன்னா ஊருக்கே தப்பா போகும்னு அவருக்குத் தெரியும்" என்று சண்டை முற்றியது. பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு உருளையை அடிக்கும் லெனாக்ஸ் மட்டும் சண்டையில் சேராமல் தன் இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவர் இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்," என்றாள் ஜோய்ஸ்லின். "நீங்க எண்பது பேரு. எட்டு சுத்து போட முடியல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்க, டீச்சர்," என்றான் லெனாக்ஸ். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடக்கத்தன்று, சனிக்கிழமை வெயிலில், சக்கரம் வைத்த சட்டங்களில் பான்களைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். பாட்டு நடுப்பகுதிக்கு வந்தது. எல்லாக் கோல்களும் அந்தரத்தில் நின்றன. லெனாக்ஸின் இரும்பு மட்டும் தனியாக எட்டுச் சுற்று ஓடியது. ஜோய்ஸ்லின் சவப்பெட்டியைப் பார்க்காமல் எண்ணினாள். ஒன்பதாவதில் எண்பது பேரும் ஒன்றாக இறங்கினார்கள்.

போட்டிக்கும் அப்படியே வாசிக்கப்போவதாக யாரோ சொன்னார்கள். முற்றத்தில் அதற்கும் சண்டை நடந்தது.

வீட்டுக்கு வந்து, யாரோ மூடி வைத்துப்போன சோற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டிகள் இரண்டும் அவள் பிடுங்கி வைத்த இடத்தில், குளிர்பெட்டியின் மேல் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டாள். முழங்கையை ஊன்றினாள்.

மேசை இடதுபக்கம் சாய்ந்து 'டக்' என்றது.